கல்யாணம் ஆயிற்று, காகிதம் ஆகவில்லை

பட்டாளத்துக்காரனின் கல்யாணம் இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. மூன்றாவதாக ஒரு கமாண்டர் இருக்கிறார். நான்காவதாக, வீடு ஒதுக்கும் அலுவலகம். பெண் வேறு நாட்டுக்காரியாக இருந்துவிட்டால் ஐந்தாவதாகக் குடியேற்றத் துறையும் வந்து பந்தலில் உட்கார்ந்துகொள்கிறது. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் எல்லோரையும் சமாதானப்படுத்திவிடலாம். இந்த மூன்று பேரைச் சமாதானப்படுத்துவதற்குள் முதல் குழந்தைக்குக் காது குத்தும் வயது வந்துவிடும்.

உலகத்தில் இந்தப் பாட்டை அதிகம் படுகிறவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள். தன் இளைஞர்களைக் கல்யாண வயதில் இத்தனை நாடுகளில் கொண்டுபோய் நிறுத்திவைக்கும் தேசம் வேறு இல்லை. தென் கொரியாவில் 28,500 பேர் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. ஜப்பானில் 50,000க்கும் மேல். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரே அவர்களை நம்பிப் பிழைக்கும். இருபது வயதுப் பையன், கையில் சம்பளம், சனிக்கிழமை விடுமுறை. அப்புறம் நடப்பதற்கு ராணுவ ஆராய்ச்சி தேவையில்லை.

அமெரிக்கப் பட்டாளத்தின் குடும்பக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2009-ல் அந்த நாட்டு ராணுவம் 'மாவ்னி' என்ற சுருக்கப் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பச்சை அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாணவர் விசா போன்ற முறையான அனுமதியோடு இரண்டு வருடம் அங்கே வசித்திருந்தால் படையில் சேரலாம். மருத்துவம் படித்தவர்களுக்கும், ராணுவம் தேடிய சில மொழிகளைப் பேசுகிறவர்களுக்கும் இந்த வாய்ப்பு. அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. மலையாளமும் சிங்களமும் இருந்தன. எம்.எஸ். படிக்கப் போய், விசா குலுக்கலில் பெயர் வராமல் தவித்துக்கொண்டிருந்த பல பேருக்கு அது ஒரு கதவு. ஆரம்ப வருடங்களில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி முடிகிற கையோடு குடியுரிமையே கிடைத்தது. 2016-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் வருடக்கணக்கில் தொங்கவிடப்பட்டார்கள். சிலர் வெளியேற்றப்பட்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். அது தனிக் கதை.

தப்பித்து உள்ளே போனவர்கள் ஊருக்கு வந்து பெண் பார்த்தார்கள். அங்கேதான் இந்தக் கதை ஆரம்பம். திருநெல்வேலியிலிருந்து போன அப்படி ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளலாம். இப்போது அவர் அமெரிக்கக் குடிமகன், படையில் ஸ்பெஷலிஸ்ட். பெண் பக்கத்து ஊர். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் அமெரிக்க ராணுவத்தின் பார்வையில் இவர் ஒரு வெளிநாட்டுப் பெண்ணைத்தான் கட்டுகிறார். சொந்த மாமன் மகளாகவே இருந்தாலும் படிவத்தில் அவள் 'அந்நியர்'.

முதல் சிக்கல், பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. எஸ். முருகன் பாஸ்போர்ட்டுக்காக 'சுப்பையா'வை விரித்து எழுதிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார். ராணுவத்தில் சட்டைப் பையின் மேல் தைக்கப்படுவது குடும்பப் பெயர். ஆகவே சார்ஜென்ட் நாள் முழுக்க அவருடைய அப்பா பெயரைச் சொல்லி அதட்டிக்கொண்டிருப்பார். மணப்பெண்ணின் பாஸ்போர்ட்டில் 'செல்வி' என்று ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். புருஷன் பெயர் சுப்பையா, மனைவி பெயர் எஃப்.என்.யூ. செல்வி. இருவரும் தம்பதி என்று காகிதத்தைப் பார்த்து ஒரு ஒஹாயோ குமாஸ்தா நம்ப வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, கல்யாணப் பத்திரிகையில் நியூமராலஜிப்படி கூடுதலாக ஒரு எழுத்து என்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். நகராட்சியில் பிறப்பைப் பதிவார்கள். பெயர் வைப்பதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவோம். பிறகு யாரும் போய்ப் பெயரைச் சேர்ப்பதில்லை. 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் உள்ள சான்றிதழ்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வீட்டில் பிறந்தவர்களுக்கு அதுவும் இல்லை. பதிவு இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கி, கூடவே பெற்றோரின் பிரமாண வாக்குமூலம், நோட்டரி முத்திரை. இல்லாத ஒன்றுக்கு இல்லை என்று எழுதி வாங்குவதற்கே நான்கு நாள் அலைய வேண்டும்.

மூன்றாவது, திருமணப் பதிவு. இதில் நம் ஊர் இப்போது பரவாயில்லை. 2009-ல் தமிழ்நாட்டில் எல்லா மதத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமானது. 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் அபராதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். லீவு இருபது நாள்தான் என்ற அவசரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாமல் விமானம் ஏறிவிடுகிறவர்கள் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். அய்யர் சொன்ன மந்திரமும் ஆயிரம் பேர் போட்ட அட்சதையும் அமெரிக்க ராணுவத்தின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்கு வேண்டியது ஒரு முத்திரை வைத்த தாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் 'டீயர்ஸ்'. படையினரும் அவர்களைச் சார்ந்தோரும் பதிவாகும் பேரேடு. இதில் ஏறிய பிறகுதான் மனைவி என்பவள் ராணுவத்துக்கு மனைவி. திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், புகைப்பட அடையாளம், சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகியவை வேண்டும். இந்தியாவில் இருக்கும் பெண்ணுக்கு அந்த எண் ஏது? அதற்காக ஒரு தற்காலிக எண் தருகிறார்கள். இது பலருக்குத் தெரியாமல், சில சமயம் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாமல், எண் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவதுண்டு. விசாவுக்கும் டீயர்ஸுக்கும் சம்பந்தமில்லை என்பதும் முக்கியம். விசா வரட்டும் என்று காத்திருப்பவர் மருத்துவ வசதியையும் குடும்பப் படியையும் மாதக்கணக்கில் இழக்கிறார்.

படி என்றதும் வீட்டுக்கு வருவோம். அமெரிக்க ராணுவத்தில் கல்யாணமாகாத இளம் சிப்பாய் பாரக்கில் இருக்க வேண்டும். ஒரு அறை, பல சமயம் இரண்டு பேர். கல்யாணம் ஆனால் 'சார்ந்தோர் உள்ளவர்' என்ற விகிதத்தில் வீட்டுப் படி. ஊருக்கு ஊர், பதவிக்குப் பதவி தொகை மாறும். ஒரு மனைவியானாலும், மனைவியும் ஐந்து பிள்ளைகளும் ஆனாலும் விகிதம் ஒன்றுதான். அவசரக் கல்யாணங்களுக்கு இந்தப் படியும் ஒரு காரணம் என்று ராணுவத்துக்குள்ளேயே கேலி உண்டு. காதலியை நினைத்து ஒரு பங்கு, பாரக்கை நினைத்து மூன்று பங்கு என்று.

வெளிநாட்டு மனைவி விஷயத்தில் இது விபரீதமாகத் திரும்புகிறது. படி கிடைக்கும், வீடு கிடைக்காது. முகாமுக்குள் இருக்கும் குடும்பக் குடியிருப்பில் குடும்பம் வந்து வாழ வேண்டும். விசாவுக்காக வள்ளியூரில் காத்திருக்கும் மனைவியைக் காட்டிப் பொதுவாக வீடு வாங்க முடியாது. வெளியே வாடகைக்குப் பிடித்தால் ஒரு வருட ஒப்பந்தம். அவள் வருவது ஆறாவது மாதமா, பதினாறாவது மாதமா என்று யாராலும் சொல்ல முடியாது. காலி வீட்டுக்கு வாடகை கட்டுவதா, அவள் வரும் நாளில் வீடில்லாமல் நிற்பதா என்று அந்த ஸ்பெஷலிஸ்ட் தினமும் கணக்குப் போடுகிறார். நடுவில் மாற்றல் உத்தரவு வந்தால் மொத்தக் கணக்கும் அழிந்து புதிதாக ஆரம்பம்.

உத்தரவு கொரியாவுக்கு என்றால் அடுத்த அத்தியாயம். பியோங்தேக்கில் உள்ள ஹம்ஃப்ரிஸ் முகாம் வெளிநாடுகளில் உள்ள அமெரிக்க ராணுவத் தளங்களில் மிகப் பெரியது. பள்ளி, ஆஸ்பத்திரி, அடுக்குமாடி வீடுகள் எல்லாம் உண்டு. தனியாகப் போகிறவருக்கு அங்கே பொதுவாக 12 மாதம் என்று பல ஆண்டுகள் வழக்கம் இருந்தது. குடும்பத்தோடு என்றால் 24 மாதம். குடும்பம் வரலாமா என்பதைத் தீர்மானிப்பது 'கமாண்ட் ஸ்பான்ஸர்ஷிப்' என்ற அங்கீகாரம். வந்தே தீருவேன் என்று சொந்தச் செலவில் விமானம் ஏறி வரும் மனைவியை யாரும் தடுப்பதில்லை. ஆனால் அவள் அங்கீகாரம் பெறாதவள். பயணச் செலவு கிடையாது, குடும்ப விகிதத்தில் விலைவாசிப் படி கிடையாது, முகாமுக்குள் வீட்டுக்கு முறை வராது, மருத்துவத்தில் முழுத் திட்டத்தில் சேர முடியாது, ராணுவ ஆஸ்பத்திரியில் இடமிருந்தால் பார்ப்பார்கள். அங்கீகாரம் வேண்டுமானால் சிப்பாய் தன் சேவைக் காலத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கொரியாவிலேயே பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொள்கிறவர் நிலை இன்னும் வேடிக்கை. அவள் பிறந்து வளர்ந்த ஊர் அது. அவள் அம்மா இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறாள். ஆனாலும் கல்யாணமான மறுநாள் முதல் அவள் தன் சொந்த நாட்டில் 'அங்கீகரிக்கப்படாத சார்ந்தோர்'. கொரியாவிலும் ஜப்பானிலும் கல்யாணம் என்பது அடிப்படையில் பதிவுதான். தாலியும் மோதிரமும் அவரவர் சௌகரியம். ஜப்பானில் நகராட்சி அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்து, அது ஏற்கப்பட்டது என்று சான்றிதழ் வாங்கினால் தம்பதி. அதற்கு முன்னால் அமெரிக்கத் தரப்பில், இவர் மணக்கத் தகுதியுள்ளவர், வேறு மனைவி இல்லை என்று பிரமாணப் பத்திரம். படைப்பிரிவின் மேலதிகாரி, பாதிரியார், சட்ட அலுவலகம் என்று ஒரு சுற்று. வெளிநாட்டில் கல்யாணம் செய்யும் சிப்பாய்களுக்கென்றே தரைப்படையில் 608-61 என்ற எண்ணில் ஒரு தனி விதிமுறை இருக்கிறது. காதலைக் கெடுப்பது அதன் நோக்கம் அல்ல என்று ராணுவம் சொல்கிறது. அவசரத்தைக் கெடுப்பதுதான் நோக்கமாம்.

ஜெர்மனியில் வேறொரு கதை. அந்நியர் ஒருவர் அங்கே மணக்க, தன் நாடு தந்த திருமணத் தகுதிச் சான்று வேண்டும். அமெரிக்காவில் அப்படிச் சான்று தரும் மத்திய அலுவலகமே கிடையாது. இல்லாத சான்றுக்கு விலக்குக் கேட்டு மேல் நீதிமன்றம் வரை மனுப் போகும். ஆகவே பல ஜோடிகள் காரை எடுத்துக்கொண்டு டென்மார்க் எல்லையைத் தாண்டினார்கள். டென்மார்க்கின் டோண்டர் நகரமும் ஏரோ என்ற குட்டித் தீவும் இதில் பேர் பெற்றவை. ஊர் மக்கள்தொகைக்குச் சம்பந்தமே இல்லாத எண்ணிக்கையில் அங்கே கல்யாணங்கள். நம் பக்கத்தில் திருப்பதிக்குப் போய்த் தாலி கட்டிக்கொள்வார்கள், பக்தியால். இது படிவத்தால். 2019 முதல் டென்மார்க்கும் அனுமதியை ஒரே அலுவலகத்துக்கு மாற்றிக் கொஞ்சம் இறுக்கிவிட்டது, வழி அடைபடவில்லை.

குடியேற்றத் துறைக்கு வருவோம். குடிமகன் மனைவியை அழைக்க ஐ-130 மனு. குடிமகனின் மனைவிக்கு வருடாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பது நல்ல செய்தி. வரம்பில்லாவிட்டாலும் வரிசை உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். திருநெல்வேலிப் பெண்ணுக்கு நேர்காணல் சென்னையில் இல்லை, மும்பையில். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், தமிழில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. வெளிநாட்டில் பணியில் இருக்கும் சிப்பாய் சில சூழ்நிலைகளில் அங்குள்ள தூதரகத்திலேயே மனுவைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆதரவுப் பத்திரத்திலும் ஒரு சலுகை: மற்றவர்கள் வறுமைக் கோட்டைப் போல 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும், பணியில் உள்ள சிப்பாய் 100 சதவீதம் காட்டினால் போதும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை. அவள் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் பத்து வருட உழைப்புக் கணக்குச் சேரும் வரை, அல்லது நாட்டை விட்டே போகும் வரை பொறுப்பு தீராது. விவாகரத்து ஆனாலும் தீராது. அக்கினி சாட்சியைவிடக் கெட்டியான சாட்சி.

பணக்காரத் தேசத்தின் தொல்லை இது என்று தோன்றலாம். பிரிட்டனைப் பாருங்கள். அங்கே ஃபிஜியிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். வெளிநாட்டு மனைவியை அழைக்க 2012-ல் வருட வருமான வரம்பு 18,600 பவுண்டு என்று விதித்தார்கள். கூட ஒரு வெளிநாட்டுக் குழந்தை இருந்தால் 22,400. புதிதாகச் சேர்ந்த சிப்பாயின் சம்பளம் அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ராணிக்காகச் சாகத் தகுதி உண்டு, பெண்டாட்டியோடு வாழத் தகுதி போதாது என்று அவர்கள் நொந்துகொண்டதில் நியாயம் இருக்கிறது. ஆறு வருடம் சேவை செய்த காமன்வெல்த், கூர்க்கா வீரர்களுக்கு நிரந்தரக் குடியேற்றக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரத்தானது. வீரருக்கு மட்டும். மனைவி, பிள்ளைகளின் கட்டணம் அப்படியே நின்றது.

வீடு விஷயத்தில் இரண்டு நாடுகளும் ஒரே வருடத்தில் ஒரே தப்பைச் செய்தன. 1996-ல் பிரிட்டன் தன் ராணுவக் குடும்ப வீடுகளில் 57,000க்கும் மேற்பட்டவற்றை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 166 கோடி பவுண்டுக்கு விற்று, அதே வீடுகளை வாடகைக்கு எடுத்தது. பராமரிப்புச் செலவு மட்டும் அரசின் தலையில். வீட்டு விலை ஏறியது, லாபம் வாங்கியவருக்கு. 2025 ஜனவரியில், மிச்சமிருந்த 36,000 சொச்சம் வீடுகளைக் கிட்டத்தட்ட 600 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அமெரிக்காவும் 1996-ல் சட்டம் போட்டு முகாம் வீடுகளைத் தனியார் கம்பெனிகளிடம் விட்டது. சிப்பாயின் வீட்டுப் படி நேரே கம்பெனிக்குப் போகும். 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் துருவியபோது சுவரெல்லாம் பூஞ்சணம், பெயின்ட்டில் ஈயம், குழந்தைகளுக்கு நோய் என்று வரிசையாக வெளிவந்தது. அதன் பிறகே குடியிருப்போர் உரிமைகள் சட்டத்தில் ஏறின. மொழி சரியாக வராத, டிரைவிங் லைசென்ஸ் இல்லாத, புருஷன் போர்முனையில் இருக்கும் ஒரு வெளிநாட்டுப் பெண் பூஞ்சணத்தைப் பற்றி யாரிடம் புகார் செய்வாள்? புகார் செய்தால் புருஷனின் பெயர் கெடுமோ என்ற பயம் வேறு.

இந்த ராணுவங்களுக்கு மனைவி என்பவள் எப்போதுமே கணக்குப் புத்தகப் பிரச்சினைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை இந்தியாவுக்குக் கப்பலேறும்போது நூறு சிப்பாய்க்குப் பன்னிரண்டு மனைவிகள் என்று கணக்கு. உள்நாட்டில் ஆறுதான். யார் போவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சீட்டு விழாதவள் துறைமுகத்தில் நின்றுவிடுவாள். விழுந்தவளுக்கும் மாளிகை இல்லை. பொதுப் பாரக்கின் மூலையில் ஒரு போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டால் அதுதான் குடும்பக் குடியிருப்பு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கர்கள் கட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண்கள் லண்டனில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். புருஷன்கள் முதல் கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1945 டிசம்பர் 28-ல் வந்த 'போர்க்கால மணப்பெண்கள் சட்டம்' அவர்களுக்கு எண்ணிக்கை வரம்பைத் தளர்த்தியது. அடுத்த மாதமே 'அர்ஜென்டினா' என்ற கப்பல் 452 மணப்பெண்களையும் அவர்கள் கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பி, 1946 பிப்ரவரி 4-ல் நியூயார்க் சேர்ந்தது. வெள்ளைக்காரப் பெண்களுக்குக் கப்பல் வந்தது. ஜப்பானியப் பெண்களுக்குச் சட்டமே குறுக்கே நின்றது. அவர்கள் இனத்துக்குக் குடியேற்றமே தடை. 1947 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது: சட்டம் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முடிந்த கல்யாணங்கள் செல்லும். முப்பது நாள்! முகூர்த்தம் பார்க்கக்கூட அவகாசமில்லாமல் நூற்றுக்கணக்கான ஜோடிகள் ஓடி ஓடிப் பதிந்துகொண்டன. இனத் தடை முழுதாக நீங்கியது 1952-ல். அதற்குள் செஞ்சிலுவைச் சங்கம் ஜப்பானில் மணப்பெண் பள்ளிகளையே தொடங்கி அமெரிக்கச் சமையல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த 1952-ஆம் வருடச் சட்டத்தில் ஒரு சின்ன வாக்கியம் இருந்தது. மணமக்கள் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த சடங்கு, அதற்குப் பிறகு அவர்கள் கூடி வாழ்ந்தாலொழிய, குடியேற்ற விஷயத்தில் கல்யாணமாகாது. காகிதக் கல்யாணங்களைத் தடுக்க எழுதியது. ஐம்பத்தாறு வருடம் கழித்து அது ஒரு பெண்ணைத் தேடி வந்தது.

ஒகினாவாவில் இருந்த ஓர் அமெரிக்க மரைன் வீரர் அங்குள்ள ஜப்பானியப் பெண்ணை விரும்பினார். 2008-ல் அவருடைய பிரிவு இராக்குக்குப் போனது. பிறகுதான் அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. அந்த ஜூலையில் தொலைபேசி வழியே கல்யாணம் செய்துகொண்டார்கள். ராணுவம் இதை முழுமையாக ஏற்றது. போர்முனையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மொன்டானா மாநிலத்தில் மணமகனும் மணமகளும் இருவருமே வராமல், இரண்டு பிரதிநிதிகளை நிறுத்திச் சிப்பாய்களுக்குக் கல்யாணம் முடித்துவைக்கிறார்கள். ஒரு மாதத்தில் அந்த வீரர் இராக்கில் கொல்லப்பட்டார். ஜனவரியில் மகன் பிறந்தான். புருஷனின் பெற்றோர் டென்னஸி மாநிலத்தில் இருந்தார்கள்; பேரனோடு வந்துவிடு என்றார்கள். அவளுக்கும் அதுதான் ஆசை.

ராணுவம் அவளை விதவை என்று அங்கீகரித்து, விதவைக்குரிய உதவிகளைக் கொடுத்தது. அதே அரசாங்கத்தின் குடியேற்றத் துறை, நீ மனைவியே இல்லை என்றது. சடங்குக்குப் பின் அவர்கள் கூடி வாழவில்லை, எப்படி வாழ்வது? வயிற்றில் இருந்த பிள்ளை சடங்குக்கு முந்தியதாயிற்றே! அதிகாரிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். விதி எழுதப்பட்டபடி இருந்தது. கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஒரு பெண்ணுக்காக ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2010 டிசம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார். ஒரு மருமகள் மாமியார் வீட்டுக்குப் போக இரண்டு சபைகளும் ஒரு ஜனாதிபதியும்.

இதற்கு முன் இன்னொரு கொடுமையும் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள், மனு முடியும் முன் குடிமகனான புருஷன் இறந்துவிட்டால் மனுவும் இறந்துவிடும். விதவைத் தண்டனை என்றே இதற்குப் பெயர். போரில் இறந்த வீரர்களின் மனைவியருக்கு 2003-ல் விலக்கு வந்தது. 2009 அக்டோபரில் எல்லோருக்குமே இந்த விதி போயிற்று.

நம் நாட்டில் எப்படி? அரசு ஊழியர் அயல்நாட்டவரை மணந்தால் அரசுக்கு உடனே தெரிவித்தால் போதும் என்று 1964-ஆம் வருட நடத்தை விதிகள் சொல்கின்றன. படையினர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டு மனைவி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஏழு வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். அயலுறவுப் பணியில் இருந்த கே.ஆர். நாராயணன் 1951-ல் பர்மியப் பெண்ணான மா டின்ட் டின்டை மணக்க நேருவின் தனி அனுமதி தேவைப்பட்டது. உஷா நாராயணன் என்று பெயர் மாறிய அந்த அம்மையாருக்கு 1997-ல் ராஷ்டிரபதி பவனிலேயே குடியிருப்பு கிடைத்தது வேறு விஷயம். நம் ராணுவத்திலேயே வெளிநாட்டு மனைவிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கூர்க்காப் படைப்பிரிவுகளில் பணியாற்றும் நேபாளக் குடிமக்களின் மனைவியர் அவர்கள். 1950 ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் அவர்களுக்கு விசாவே வேண்டாம். கான்டோன்மென்ட் வீட்டுக்கு மட்டும் மற்ற ஜவான்களின் மனைவியரோடு அதே வரிசையில் நிற்க வேண்டும். கல்யாணமான வீரர்களுக்கு ஏறக்குறைய 2 லட்சம் வீடுகள் கட்டும் திட்டத்தை 2002-ல் தொடங்கிய பிறகும் அந்த வரிசை தீரவில்லை.

திருநெல்வேலித் தம்பதிக்குத் திரும்புவோம். அவள் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் போய் இறங்கினால் கிடைக்கும் பச்சை அட்டை நிபந்தனைக்குட்பட்டது; இரண்டு வருடம்தான் செல்லும். அது முடியும் முன் 90 நாளுக்குள், நிஜமாகவே சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று ஐ-751 படிவத்தில் நிரூபிக்க வேண்டும். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள். அந்த இரண்டு வருடத்தில் புருஷன் ஒன்பது மாதம் வெளிநாட்டு முகாமில், இரண்டு மாதம் பாலைவனப் பயிற்சியில் இருந்திருப்பார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கும், ஏனென்றால் அவள் வருவதற்கு முன்பே வீடு பிடித்தார். மின்சாரக் கட்டணம் முகாம் வீட்டு வாடகையிலேயே சேர்ந்திருக்கும், ரசீது கிடையாது. இதையெல்லாம் அறிந்தவர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்கிறார்கள்: டீயர்ஸ் பதிவு, அவளைச் சார்ந்தோராகக் காட்டும் மாற்றல் உத்தரவு, ஆயுள் காப்பீட்டில் அவள் பெயர். சிப்பாய்க்கு இவை தானாகச் சேரும் சாட்சிகள். எடுத்து வைக்கத்தான் வேண்டும்.

ஒரு நல்ல கதவும் இருக்கிறது. புருஷனுக்கு வெளிநாட்டு மாற்றல் வந்து உத்தரவில் அவள் பெயரும் இருந்தால், அவரோடு வெளிநாட்டில் இருக்கும் காலத்தை அமெரிக்காவில் வசித்ததாகவே கணக்கிடலாம் என்றும், குடியுரிமைப் பிரமாணத்தை வெளிநாட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்றும் 2008 ஜனவரியில் சட்டம் வந்தது. இன்னொரு பிரிவு, வசிப்புக் காலமே கேட்காமல் உடனே விண்ணப்பிக்க விடுகிறது. எத்தனையோ மனைவியர் இது தெரியாமல் மூன்று வருடம் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உத்தரவில் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதற்கு மறுபடியும் கமாண்ட் ஸ்பான்ஸர்ஷிப் வேண்டும்; அதற்கு டீயர்ஸ் வேண்டும்; அதில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், எஃப்.என்.யூ. உட்பட.